கோழி எண்ணெயில் ஓடும் ஜீப்

நவம்பர் 3, திங்கள்

உரக்கடையில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி. இத்தனை நாள் சும்மா கிடந்தது. இன்று வந்த கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டும், இதில் கொட்டுகிறேன்.

தோட்டத்துக்கு ஆள் பிடித்து அனுப்பும் கங்காணி சுருளிவேல் இன்று எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். கம்பத்திலிருந்து மெட்டு மலைரோடு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது என் வேலை. நடைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுப்பவன் அவன். டீசல் விலை ஏறிவிட்டது, வாடகையைக் கூட்டிக் கொடு என்றேன்.

"வாடகைய எதுக்கு ஏத்தணும்? ஆள ஏத்து. பதினோரு பேரு போற வண்டில பதினெட்டு பேர ஏத்துனா ஒனக்கும் கட்டுப்படி ஆகும், எனக்கும் கட்டுப்படி ஆகும்."

"ஒருத்தி மடியில ஒருத்தி ஒக்காந்து மெட்டு ஏறணுமா? நானும் அப்பிடிப் போனவதான். என் வண்டில அது நடக்காது."

"அப்ப வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுரு."

நான் காய் எடுக்கப் போன காலத்தில் ஒரு வளைவில் எவளோ ஒருத்தியின் முழங்கை என் விலாவில் இறங்கியது. அன்று முடிவு செய்தேன், ஏறினால் டிரைவர் சீட்டில்தான் ஏறுவது என்று. எனக்குப் பவுன்தாய் என்று பெயர் வைத்தார்கள். இருந்த பவுனெல்லாம் அந்த ஜீப்பாகிவிட்டது. பழைய டீசல் வண்டி. குடிப்பது அதிகம், ஆனால் எங்கும் நின்றதில்லை.

திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற என் வீட்டுக்காரர் தவசி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வித்துருவமா?" என்றார். தட்டில் இன்னும் இரண்டு தோசையைப் போட்டு அவர் வாயை அடைத்தேன்.

நவம்பர் 5, புதன்

உத்தமபாளையத்தில் ஜெபராஜ் என்பவர் ஷெட் போட்டு, பொரித்து மீந்த எண்ணெயை பயோடீசலாக மாற்றுகிறார். எண்ணெயை நாமே கொண்டுபோனால் கூலி மட்டும்தான். டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம், புது வண்டிகள்தான் செல்லம் கொஞ்சும், உங்கள் வண்டி மாதிரிப் பழசு கொடுத்ததைக் குடிக்கும் என்றார். என் வண்டியைப் புகழ்ந்தாரா இகழ்ந்தாரா தெரியவில்லை.

எண்ணெய்க்கு மெகருவிடம் போனேன். மெகருன்னிசா எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. சந்தைப் பக்கம் கோழி வறுவல் கடை போட்டிருக்கிறாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போடி. ஒருத்தன் வந்து வாங்கிட்டுப் போயி, அதையே வடிகட்டித் திரும்ப விக்கிறான். அதுக்கு ஒன் வண்டியாவது குடிக்கட்டும்" என்றாள். பிறகு விறைப்பாக, "பாமாயிலு என் கடைப் படி ஏறாது தெரியும்ல? சூரியகாந்தி எண்ணெதான்" என்றாள். வண்டிக்கும் அந்த மரியாதை தெரியட்டும் என்ற மாதிரி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் மெகரு எண்ணெயில் ஓடும் பாதிக்கு டீசல் விலையில் பாதிகூட ஆகவில்லை. சுருளிவேல் எனக்கா கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான்?

நவம்பர் 9, ஞாயிறு

மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. வண்டி திணறியது. மெக்கானிக் பில்டரைக் கழற்றி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார், தார் மாதிரி இருந்தது. பழைய டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கை இந்த எண்ணெய் கழுவி எடுத்து வந்து பில்டரில் சேர்த்துவிடுமாம். "மொத ரெண்டு பில்டரு போகும்க்கா, பெறகு சரியாயிரும்" என்றார். பழைய ரப்பர் டியூபும் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. அதையும் மாற்றினேன்.

தவசி மெக்கானிக் பில்லை வாங்கிப் பார்த்து மடித்துப் பையில் வைத்தார். மடித்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

ஓடுகிறது. புகை குறைவு, வாசம் அதிகம். பின்னால் இருக்கிறவர்கள் மெட்டு ஏறுவதற்குள் பசிக்கிறது என்கிறார்கள். கோழி ஜீப்பு என்று பெயரும் வைத்தாயிற்று.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. ஊரில் பாதிப் பேர் கழுத்தில் மாலை. தவசி வருஷா வருஷம் போடுகிறவர். என் வண்டியில் வரும் ஒச்சம்மா அக்காவும் போட்டிருக்கிறார். ஐம்பது தாண்டிய பிறகு மலைக்குப் போக ஆரம்பித்தவர், இப்போது எங்களையெல்லாம்விடக் கெட்டியான விரதம். சுருளிவேலும் கறுப்பு வேட்டியில் வந்து நின்றான். மலைக்குப் போய்வரும்வரை அவனை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். ஐயப்பன் என்னைத் தப்பாக நினைக்கமாட்டார், நான் பல்லைக் கடித்தது அவருக்காக இல்லை.

நவம்பர் 20, வியாழன்

இறங்கும்போது ஒச்சம்மா அக்கா தயங்கி நின்றார்.

"பவுனு, கோவிச்சுக்காத. வண்டிய எடுத்தாலே கோழி வறுத்த வாட வருது. கழுத்துல மால கெடக்கு. இந்த வாடையோட வீட்டுக்குப் போயி எப்பிடி வெளக்கு ஏத்துறது?"

"வண்டிதானக்கா குடிக்குது, நீங்க இல்லயே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் வீட்டில் யாராவது மாலை போட்டிருக்கிறார்கள்.

இதை எப்படியோ மோப்பம் பிடித்து சாயங்காலமே சுருளிவேல் வந்துவிட்டான். "சைவ எண்ணெதான் ஊத்துறேன்னு அம்மன் கோயில்ல சூடம் அணச்சு சத்தியம் பண்ணு. இல்லயா, என் மச்சினன் வேன் சும்மாதான் நிக்கிது."

மச்சினன் வேன் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது சைவம் இல்லை, பதினெட்டு.

சத்தியமெல்லாம் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இந்த நடை போனால் எனக்கு வேறு நடை கிடையாது. கம்பத்தில் கங்காணிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி.

நவம்பர் 22, சனி

வடைக் கடையில் மீந்த எண்ணெய் வாங்கி ஜெபராஜிடம் கொடுத்தேன். சுருளிவேலுக்குப் பயந்து இல்லை, ஒச்சம்மா அக்காவுக்காக. அவரிடம் வேலை குவிந்து கிடக்கிறது, இந்தத் தடவை மாற்றிக் கொடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம், அதுவரை டீசல்.

"இது பாமாயில்க்கா. மெட்டு ஏறுறப்ப மறக்காம டீசல் கலந்துக்கங்க" என்று ஜெபராஜ் இரண்டு தடவை சொன்னார். சைவம் கேட்டார்கள் அல்லவா? துளி டீசல் கலக்காமல் முழு டேங்கும் சைவமாகவே ஊற்றுகிறேன், மூக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

மெகரு கடை வழியாக வராமல் தெற்குத் தெரு சுற்றி வந்தேன். அங்கே ரோடு நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

நின்றுவிட்டது.

மழை விட்டதும் மெட்டில் திடீரென்று குளிர் இறங்கியிருக்கிறது. பாதி மலையில் வண்டி இருமியது, அடுத்த வளைவில் படுத்துவிட்டது. திறந்து பார்த்தால் பில்டருக்குள் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. மார்கழியில் அடுப்படி பாட்டிலில் பாமாயில் உறைவதைப் பார்க்காதவளா நான்? அதையே மாற்றி டேங்கில் ஊற்றினால் உறையாமல் என்ன செய்யும்? ஜெபராஜ் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ஒச்சம்மா அக்காதான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே டீக்கடைக்கு ஏறிப்போய், சோற்றுத் தூக்கைக் காலி செய்து அதில் வெந்நீர் வாங்கி வந்தார். பில்டர் மேலும் டியூப் மேலும் நான் ஊற்ற ஊற்ற, பக்கத்தில் நின்று "சாமியே ஐயப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தூக்குக்கு இஞ்சின் பிடித்தது. "சைவம் மல ஏற மாட்டேங்குதுடி" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

போய்ச் சேர நேரமாகிவிட்டது. பதினோரு பேருக்கும் அரைநாள் கூலி போயிற்று. திரும்பி வரும்போது ஒருவரும் என்னோடு பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம். என் வீம்புக்கு அவர்கள் கூலி கொடுத்தார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

சுருளிவேல் காத்துக்கொண்டிருந்த சாக்கு கிடைத்துவிட்டது. நாளையிலிருந்து மச்சினன் வேன் வருகிறது. மாலை போடாத வீட்டு நாலு பேரை மட்டும் எனக்கு ஒதுக்கியிருக்கிறான், வாடகையும் அதற்குத் தகுந்தபடி. ஊற்றும் டீசலுக்கே காணாது.

சாயங்காலம் டின்னைத் தூக்கிக்கொண்டு மெகரு கடைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னா, தெக்குத் தெருவுல ரோடு நல்லாருக்கா?"

நான் தலை குனிந்து நின்றேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"வடைய நம்பிப் போனா வளைவுலதான் நிக்கணும். டின்ன வச்சுட்டுப் போ, நாளைக்கு வந்து எடு" என்றாள். அவ்வளவுதான் சண்டை.

டிசம்பர் 5, வெள்ளி

டின் தளும்ப இருந்தது. கார்த்திகையில் கோழி தின்ன ஆள் ஏது, எண்ணெய் மிஞ்சாதே என்று பயந்திருந்தேன். வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது போலிருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

நாலு பேரோடு மெட்டு ஏறினேன். வளைவில் மச்சினன் வேன் ஹாரன் அடித்து முந்திப் போயிற்று. ஜன்னலில் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பதிலுக்கு ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மெகரு டின் மறுபடியும் நிறைய. எண்ணெய் தெளிவாக இருக்கிறது, அடியில் மசாலாத் தூள்கூட இல்லை. நன்றாக வடிகட்டுகிறாள்.

டிசம்பர் 13, சனி

ஜெபராஜ் என்னை ஷெட்டுக்குள் கூப்பிட்டார்.

"அக்கா, இது பொரிச்ச எண்ணெ இல்ல. சோதிச்சுப் பாத்துட்டேன். பாக்கெட்ட வெட்டி அப்பிடியே ஊத்துனது. இதுல வண்டி ஓட்டுறதுக்குப் பேசாம டீசலே போடலாம், அதவிட இது வெல ஜாஸ்தி."

நேரே மெகரு கடைக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம், அடுப்புப் பற்றவைக்கவில்லை. கோழி தொங்கும் கம்பி வெறும் கம்பியாக இருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை இதே கடைக்குள் நின்றுதான் டின்னைத் தூக்கினேன். எப்படி இதைப் பார்க்காமல் போனேன்?

"பாக்கெட்ட வெட்டி ஊத்துனியா?"

"ஆமா. அதுக்கென்னா இப்ப?"

"கிறுக்கியாடி நீ? யாவாரமே இல்லாத மாசத்துல..."

"சந்தைல நின்னு அந்தச் சுருளி என்னா பேசுனான் தெரியுமா? இவ கடை எண்ணெ பட்டா வண்டிகூட வெளங்காதுன்னான். ஒன் வண்டி ஒரு நாளு நிக்கட்டும், அவன் சொன்னது நெசமாயிரும். அது மெட்டு ஏறணும்டி. அவன் கண்ணு முன்னால தெனம் ஏறணும்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் ஜெயித்துவிடுவாள் என்று திட்ட ஆரம்பித்தேன். "இனிமே கோழி பொரிச்ச எண்ணெதான் வாங்குவேன். ஒரு கரண்டி மிஞ்சுனாலும் அதக் குடு, மிச்சத்துக்கு நான் டீசல் போட்டுக்கிறேன். கோழி படாத எண்ணெய என் வண்டிக்குக் குடுத்த, நடக்குறதே வேற" என்று கத்தினேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். நாற்பது வயதுக்கு மேல் இரண்டு பேர் இப்படிச் சண்டை போடுவதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டில் தவசியிடம் சொன்னேன்.

"அப்ப இந்த ஒரு வாரமும் கோழி படாத எண்ணெலதான வண்டி ஓடிருக்கு? கோயில்ல போயி சூடத்த அணச்சுச் சொல்லிரு. பொய்யில்லயே. நட திரும்பக் கெடச்சிரும்."

பொய்யில்லைதான். கன்னத்தில் போட்டுக்கொள்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் நான் அப்படிச் சத்தியம் செய்தால், மெகரு கடையில் பொரித்த எண்ணெய் தீட்டு என்று நானே ஒத்துக்கொண்டதாகும். அவள் வெறும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து என் வண்டியை ஓட்டியிருக்கிறாள். அவளை விற்று நடை வாங்க மாட்டேன். வண்டியே போனாலும் மாட்டேன்.

"மாட்டேன்" என்று மட்டும் தவசியிடம் சொன்னேன். அவர் எழுந்து கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்துப் போய் ஜீப்பைக் கழுவ ஆரம்பித்தார். அந்த மனிதரைப் பற்றி நான் இதில் நல்லதாக ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. மெகரு கடையில் பொரித்து மிஞ்சும் கொஞ்சத்தைத்தான் இப்போது வாங்கி மாற்றி ஊற்றுகிறேன், மிச்சம் டீசல். ஓட ஓட நஷ்டம். இந்த மாதத்துக்கு மேல் தாங்காது. இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

சாயங்காலம் ஒச்சம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

"வேன்ல மூட்ட தூக்குற பயலுகளையும் எங்களோட போட்டு அடைக்கிறான் பவுனு. வளைவுல திரும்பையில எல்லாம் மேல வந்து விழுறானுக. மால போட்ட ஒடம்பு. கேட்டா, ஒதுங்கி ஒக்காருங்கிறான். ஒதுங்க எடம் எங்க இருக்கு?"

எனக்கும் ஆசைதான், வந்துவிடுங்கள் என்று சொல்ல. ஆனால் மறைத்து ஏற்றக் கூடாது. "என் வண்டில இப்பவும் மெகரு கடை எண்ணெதான்க்கா. கோழி பொரிச்சதுதான்."

"நான் ஒன்னயக் கேட்டனா?" என்று சொம்பை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

சோற்றுக்குக்கூட உட்காராமல் இதை எழுதுகிறேன்.

காலையில் உழவர் சந்தை முன்னால் வேன் நின்றது, பின்னால் நாலு பேரோடு என் ஜீப். ஒச்சம்மா அக்கா முன்னால் வர, பின்னால் ஆறு பேர் வந்தார்கள். வேனைத் தாண்டி நேராக என் வண்டியிடம் வந்தார்கள். சுருளிவேல் வேட்டி தடுக்க ஓடிவந்தான்.

"மால போட்டுக்கிட்டுக் கோழி வண்டில ஏறுறீங்களா? ஏ பவுனு, இந்தா சூடம்." தோள்பையில் இருந்து எடுத்தே நீட்டினான். "சைவ எண்ணெதான்னு இங்கயே அணச்சு சத்தியம் பண்ணு பாப்போம்."

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சூடத்த உள்ள வைங்க சாமி, காத்துல கரஞ்சிரும்" என்றேன். "சத்தியம் எதுக்கு? நானே சொல்றேன். மெகரு கடை எண்ணெதான். கோழி பொரிச்ச எண்ணெதான். பாதி டீசலு. இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான இருக்கு? வேணும்னா மோந்து பாத்துக்கங்க."

அவன் நிஜமாகவே குனிந்தான். புகைக்குழாய் பக்கத்தில் முகத்தை வைத்து இழுத்தான். "கோழி! அப்பட்டமா கோழி! வந்து நீங்களே மோந்து பாருங்க!"

ஒச்சம்மா அக்கா போனார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, நிதானமாக மூச்சை இழுத்தார். இந்த அக்கா வாய் திறந்து பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நிமிர்ந்தார்.

"எனக்கு டீசல் வாடதான் வருது. ஏத்தா, ஒங்களுக்கு?"

ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். "டீசலு." "டீசல்தான்க்கா." "எனக்குச் சளி, ஒண்ணும் தெரியல."

"பொய் சொல்றீங்க! மசாலா வாடகூட வருது!" என்று அவன் கத்தினான்.

ஒச்சம்மா அக்கா அவனைப் பார்த்துக் கும்பிட்டார். மாலை போட்டவர் மாலை போட்டவரைக் கும்பிடுகிற மாதிரி, முறையாக.

"சாமி, மால போட்டு ஒரு மாசமாச்சு. எங்க எல்லாத்துக்கும் டீசல் வாட வரையில ஒங்களுக்கு மட்டும் மசாலாவோட கோழி வாட வருதுன்னா, நாக்கு இன்னும் அடங்கலயோ என்னமோ. நெனப்பு அப்பிடி இருக்கையில மலைக்குப் போகலாமான்னு குருசாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

டீக்கடையில் ஒருவர் டீயைத் துப்பிவிட்டார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சுருளிவேல் வாயைத் திறந்தான். மறுபடி கோழி என்றால் அவன் நாக்குதான் மாட்டும். மூடிக்கொண்டான்.

"நாங்க பதினோரு பேரும் இனிமே இதுலதான் வருவோம்" என்றார் அக்கா. "வாடகைய அவளுக்கு முழுசாக் குடுங்க. இல்லன்னா சொல்லிருங்க சாமி, காயி பழுத்து நிக்கிற நேரம், வேற கங்காணி கூப்புட்டா நாங்க போயிர்றோம்."

அவன் சூடத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஏறுங்க, நேரமாச்சு" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான், ஆனால் சொன்னான். வேனிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கி ஓடிவந்தார்கள். இடமில்லை, பதினொன்றுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மெட்டு ஏற ஆரம்பித்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஒச்சம்மா அக்கா முன்சீட்டில் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், மாலையைப் பிடித்துக்கொண்டு. எனக்காக விரதத்தில் பொய் சொல்லிவிட்டு மனது கஷ்டப்படுகிறார் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே என் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"மெகருகிட்டச் சொல்லு. மசாலால சோம்பு கொஞ்சம் கூடிப்போச்சு. மலைக்குப் போயிட்டு வந்து மால கழட்டுன மறுநாளு வாறேன், கொறச்சுப் போட்டு வைக்கச் சொல்லு."